தொண்ணூறு நிமிடம் பின்னால்

சனிக்கிழமை மதியம் மூன்று பத்துக்கு அப்டேட்டை வெளியிட்டுவிட்டு, நாற்காலியில் உட்கார முடியாமல் எழுந்து நடந்தாள் பெல்சியா. அடுப்படி வரை போனாள். எதற்குப் போனோம் என்று மறந்து திரும்பினாள். பீரோவுக்கு மேல் இருந்த பழைய சர்வர் பெட்டியின் விசிறி எப்போதும்போல் இரைந்துகொண்டிருந்தது. நான்கு மாத வேலை. எதுவும் உடைந்துவிடக் கூடாது.

வார நாட்களில் அவள் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் சரக்குப் படிவங்களைச் சரிபார்ப்பவள். மீதி நேரமெல்லாம் ‘முத்துவேட்டை’க்கு. அது தூத்துக்குடித் தெருக்களின் மேல் விரித்துப் போட்ட ஒரு விளையாட்டு. ஊரில் பாதிப் பேர் மூக்கில் இப்போது திரைக்கண்ணாடி இருக்கிறது. அதை மாட்டிக்கொண்டு இந்த விளையாட்டுக்குள் நுழைந்தால், கடற்கரைச் சாலை கடலடித் தரையாகும். பெட்டிக்கடைக்குப் பின்னால், ரயில்வே கேட்டின் மேல், ஐஸ் கம்பெனி வாசலில் முத்துகள் மினுங்கும். ஆடுகிறவர்கள் ஆளுக்கொரு உருவத்தில் தெரிவார்கள்: சுறா, ஆமை, நண்டு. ஒரு கிலோமீட்டர் தூரம் வரை யார் எங்கே நடக்கிறார்கள் என்று பார்க்கலாம், பேசலாம். மொத்தம் அறுபத்திரண்டு பேர் ஆடினார்கள். காசு கிடையாது, விளம்பரம் கிடையாது. ஆசைக்காக நடத்துவது.

ஏழு வருஷத்துக்கு முன்னால் அதை எழுத ஆரம்பித்தவன் காயல்பட்டினத்து மொகுதூம். பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் வாத்தியார் வேலை வந்ததும், சாவியை பெல்சியாவிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டான். அவன் விட்டுப்போன புரோகிராம் கோடு, கூட்டாத வீடு மாதிரி இருந்தது. செட்டிங்குகள் இருநூற்றுப் பதினேழு இடங்களில் சிதறிக் கிடந்தன. மழை பெய்ய வேண்டுமா என்று சர்வரில் ஓரிடத்தில் எழுதியிருக்கும். ஆடுகிறவரின் கண்ணாடிக்குள்ளும் அதே கேள்விக்கு வேறொரு பதில் எழுதியிருக்கும். இரண்டும் முட்டிக்கொண்டால் சில சமயம் சர்வர் ஜெயிக்கும், சில சமயம் கண்ணாடி. ஏனென்று கேட்டால் மொகுதூமுக்கே தெரியாது என்றுதான் பெல்சியா நினைத்திருந்தாள்.

“எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல கொண்டாரப் போறேன் அண்ணே,” என்று அவள் சொன்னபோது, “எதுக்கு பெல்சி? ஓடுறது ஓடட்டுமே,” என்றான். சோம்பேறித்தனம் என்று எடுத்துக்கொண்டாள்.

யோசனை அவளுடையதும் இல்லை. தில்லைநம்பி என்று ஒருவர், ஓசூரில் இருப்பதாகச் சொன்னவர், ஒருநாள் ஐந்து பக்கக் கடிதம் அனுப்பியிருந்தார். ‘வணக்கம் சகோதரி. உங்கள் விளையாட்டின் உயிர் அழகானது. எலும்புகள் மட்டும் கலைந்து கிடக்கின்றன’ என்று தொடங்கியது அது. செட்டிங்குகள் ஓரிடத்தில் இருக்க வேண்டும். சர்வர் சொல்வதே முடிவாக இருக்க வேண்டும். கண்ணாடியில் யாராவது தாமாக எழுதிச் சேர்த்த வரிகள் ஏற்கப்படக் கூடாது. சொன்னதோடு நிற்காமல் கூடவே உழைத்தார். அவள் எழுதிய ஒவ்வொரு துண்டுக்கும் சோதனை எழுதி அனுப்பினார். பிழை கண்டால் தன் கண்ணாடியின் பதிவெண்ணோடு ஒழுங்காக அறிக்கை வைத்தார். இத்தனை நாளில் அவள் எழுதியதை யாரும் பாராட்டியதில்லை. அவர் பாராட்டினார். வெளியீட்டை அடுத்த மாதம் வைத்துக்கொள்ளலாம் என்று அவள் இருந்தாள். ‘இந்தச் சனிக்கிழமையே செய்யலாமே சகோதரி, நான் கூட இருந்து கவனித்துக்கொள்கிறேன்’ என்று அவர் எழுதியதும் சரி என்றுவிட்டாள்.

மூன்றரைக்கு உட்கார்ந்து பதிவேட்டைத் திறந்தாள். புதிய கோடு, தான் நிராகரித்த வரிகளையெல்லாம் ஆடுகிறவர் பெயரோடு அதில் எழுதி வைத்திருந்தது. பத்தோ பதினைந்தோ இருக்கும் என்று நினைத்தாள். வரிகள் உருண்டுகொண்டே போயின.

முதலில் சிரிப்பு வந்தது. ஒருத்தர் மழையை நிறுத்தி வைத்திருந்தார். கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற பர்னபாஸ் மாமா, தன் பாதையில் சொறிமீன் என்கிற ஜெல்லிமீன் வரவே கூடாது என்று எழுதி வைத்திருந்தார். ஒரு பெண் தன் அக்காளின் குரலை மட்டும் சத்தம் குறைத்திருந்தாள். யாருக்கும் சொல்லாமல் ஆளாளுக்கு உலகத்தைக் கொஞ்சம் வளைத்து வைத்திருந்திருக்கிறார்கள். அத்தனையையும் இருபது நிமிடத்துக்கு முன்னால் தான் நிமிர்த்திவிட்டோம் என்று நினைத்தபோது சிரிப்பு நின்றது. அடுத்தவர் துணிப்பெட்டியைத் திறந்து பார்த்த மாதிரி கை கூசியது.

அப்போதுதான் அந்த வரி கண்ணில் பட்டது.

‘உப்புக்கிளி. இடம் காட்டும் தாமதம்: 5400 விநாடி. நிராகரிக்கப்பட்டது. புதிய மதிப்பு: 2.’

ஐயாயிரத்து நானூறு விநாடி என்றால் தொண்ணூறு நிமிடம். உப்புக்கிளி என்பது பச்சைக் கிளி உருவத்தில் ஆடும் ஒரு பெண். பெல்சியா அவளை நேரில் பார்த்ததில்லை. இத்தனை நாளும் அந்தக் கிளி ஓரிடத்தில் தெரிந்தால், அவள் அங்கே நின்றது ஒன்றரை மணி நேரத்துக்கு முன்னால். கள்ள ஆட்டமா? ஆனால் அதனால் ஒரு முத்துகூட அதிகம் கிடைக்காதே. எதற்கு?

போன் அடித்தது. மொகுதூம்.

“பெல்சி, அப்டேட் போட்டியா?” மூச்சு வாங்கினான். “அடுத்த மாசம்னுலா சொன்ன?”

“இன்னைக்கே போட்டாச்சு. ஏண்ணே?”

“உப்புக்கிளி எப்பிடித் தெரியுது? உடனுக்குடனே தெரியுதா, பிந்தித் தெரியுதா?”

“உடனுக்குடனேதான். ஏதோ தாமதம் வச்சிருந்தா, கள்ளத்தனமா. புதுக் கோடு தள்ளிட்டு. ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?”



“நான்தான் வச்சுக் குடுத்தேன்,” என்றான். “அவ பேரு நாச்சியார். தூத்துக்குடில ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்துல வேல பாக்கா. புருசன்ட்ட இருந்து தப்பி வந்த புள்ள. கல்யாணத்துக்கு முந்தியே வெளியூர்ல இருந்து நம்ம வெளையாட்டுக்குள்ள வந்து பேசுனவ. ஊரு, பேரு, வேல எல்லாத்தையும் விட்டுட்டா, இத மட்டும் விட முடியலன்னு அழுதா. இதுலதான் நாலு பேரு அவகூடப் பேசுதாங்க. அவனுக்கு அவ ஆட்டப் பேரு தெரியும். அதான் அவ கண்ணாடில மட்டும் அந்த வரியப் போட்டு, சர்வர் அத மதிக்கிற மாதிரி ஒரு ஓட்ட வச்சேன். அவன் வந்து பாத்தாலும் அவ போன எடத்தத்தான் பாப்பான்.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா!”

“யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. எழுதி வைக்கவும் முடியாது. கோடு எல்லாரும் பாக்குற மாதிரி வெளியதான கெடக்கு? நான் எழுதி வச்சா அவனும் படிப்பான்லா? குப்பையோட குப்பையா கெடந்தா ஒருத்தன் கண்ணுக்கும் தெரியாதுன்னு விட்டேன்.”

கூட்டாத வீடு. அந்தக் குப்பைக்கு அடியில் ஒரு பெண் ஒளிந்திருந்திருக்கிறாள்.

“சர்வர அமத்தட்டா?” பெல்சியா எழுந்துவிட்டாள்.

“அமத்துனா அவளுக்கு எப்பிடிச் சொல்லுவ? கண்ணாடி மாட்டியிருந்தா போன எடுக்க மாட்டா. நாலு தடவ அடிச்சிட்டேன். வெளையாட்டுக்குள்ள போற செய்தி ஒண்ணுதான் அவ கண்ணுல படும்.”

பெல்சியா வரைபடத்தைத் திறந்தாள். பச்சைக் கிளி திரேஸ்புரம் பக்கம் கடற்கரைச் சாலையில் வடக்கே நடந்துகொண்டிருந்தது. இப்போது நடந்துகொண்டிருந்தது. அவசரமாகச் செய்தி அடித்தாள்: ‘நாச்சியார், உங்க தாமதம் போயிட்டு. நீங்க இருக்கிற இடம் அப்படியே தெரியுது. கண்ணாடிய கழட்டிட்டு பக்கத்துல ஏதாவது கடைக்குள்ள போங்க.’

பதில் வந்தது: ‘யார் நீங்க? இந்தப் பேரு எப்பிடித் தெரியும்?’

நம்ப மாட்டாள். அவள் இடத்தில் இருந்தால் பெல்சியாவும் நம்பியிருக்க மாட்டாள்.

வேறு யார் அவளைப் பார்க்கிறார்கள் என்று தேடினாள். சர்வரில் அதுவும் பதிவாகும். மூன்று பத்திலிருந்து இப்போது வரை, உப்புக்கிளியின் இடத்தை ஒரே ஒருவர் முப்பத்தெட்டு முறை கேட்டிருந்தார். ஆட்டப் பெயர் கல்நண்டு. சேர்ந்து எட்டு மாதம். ஒரு முத்துகூட எடுத்ததில்லை. கண்ணாடியின் பதிவெண்ணைப் பார்த்தாள். பார்க்காமலே சொல்லியிருப்பாள். நான்கு மாதமாக ஒவ்வொரு பிழை அறிக்கையின் அடியிலும் அவள் படித்த எண் அது.

தில்லைநம்பி.

ஓசூரில் இல்லை. ஐஸ் கம்பெனி முக்கில் நண்டு நகர்ந்துகொண்டிருந்தது. கிளிக்கும் அதற்கும் அறுநூறு மீட்டர்.

“அண்ணே,” என்றாள். “செட்டிங்க சுத்தம் பண்ணுன்னு எனக்கு எழுதுனதே அவ புருசன்தான். மொத மொத எழுதுனதே அவன்தான்.”

மொகுதூம் ஏதோ சொன்னான். அவள் காதில் ஏறவில்லை. மாதக்கணக்கில் அவன் கிளியைத் தொடர்ந்து போய்ப் போய் வெறும் தெருவில் நின்றிருப்பான். பிறகு யோசித்திருப்பான். கோடு முழுவதையும் படித்திருப்பான், ஓட்டையைக் கண்டுபிடித்திருப்பான். தானே அடைக்க முடியாது, சாவி பெல்சியாவிடம் இருக்கிறது. அதனால் மரியாதையாக ஒரு கடிதம் எழுதினான். அழகானது என்று சொன்னான். அவள் தன் கையாலேயே அடைத்தாள்.

ஐந்நூறு மீட்டர்.

பழைய பதிப்பை மீட்கலாம், ஆனால் அறுபத்திரண்டு கண்ணாடிகளும் புதியதை வாங்கிவிட்டன. அவை திரும்ப அரை மணி நேரம் ஆகும். வேறென்ன? புதிய ஃபைலைத் திறந்தாள். எல்லாம் ஒரே இடத்தில், ஒன்றின் கீழ் ஒன்றாக, துடைத்து வைத்த மாதிரி இருந்தன. ‘இடம் காட்டும் தாமதம்: 2’. அதை அழித்து 5400 என்று போட்டாள். எல்லோருக்கும். நான்கு வரி கீழே, ‘ஆடுபவர் பெயர்: அவரவர் தேர்வு’ என்று இருந்தது. உருவம்: அவரவர் தேர்வு. இரண்டையும் அழித்தாள். உப்புக்கிளி. பச்சைக் கிளி. சேமித்தாள்.

சர்வர் சொல்வதே முடிவு. மூன்று விநாடியில் வரைபடம் முழுக்கப் பச்சையானது. சுறா இல்லை, ஆமை இல்லை. எல்லாம் கிளிகள், ஒன்றரை மணி நேரத்துக்கு முந்தைய தெருக்களில். நண்டும் கிளியாகிவிட்டது. எது அவன், எது அவள் என்று பெல்சியாவுக்கும் தெரியவில்லை. தோண்டினால் தெரியும், தோண்ட நேரமில்லை.

பர்னபாஸ் மாமாவின் வீடு திரேஸ்புரத்தில்தான். அவர் எண்ணை அடித்தாள். எடுத்தார்.

“என்ன மக்கா, எல்லாம் ஒரே கிளியால்லா கெடக்கு? எனக்குத்தான் கண்ணு கெட்டுப்போச்சோன்னு பாத்தேன்.”

“மாமா, எங்க நிக்கிய?”

“சர்ச்சுக்கு எதுத்தாப்புல, கடல் பக்கம்.”

“வடக்கப் பாத்து ஒரு பொண்ணு நடந்து வாறாளா? கண்ணாடி போட்டு, தனியா?”

“ரெண்டு மூணு பேரு வாறாங்களே... ஒருத்தி நிக்கா. பயந்த மாதிரி சுத்திச் சுத்திப் பாக்கா.”

“அவதான். பேரு நாச்சியார். மொகுதூம் அனுப்புனாருன்னு சொல்லுங்க. ஒங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. ஒருத்தன் அவளத் தேடி வாறான் மாமா. ஏன்னு பெறகு சொல்லுதேன்.”

அவர் ஏன் என்று கேட்கவில்லை. போனை அணைக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். துணி உரசும் சத்தம், காற்றின் சத்தம். பிறகு அவர் குரல், உரக்க, மகளைக் கூப்பிடுகிற மாதிரி: “எம்மா நாச்சியாரு, இங்க நிக்கியா? மொகுதூம் வாத்தியாரு சொல்லி வாறேன். மாமி காப்பி போட்டு வச்சிருக்கா, வா.” ஒரு பெண் குரல் ஏதோ கேட்டது. “கண்ணாடியக் கழட்டி எங்கிட்ட குடு. அப்பிடியே என் வலப்பக்கமா நட. ஓடாத. ஓடுனா பாப்பான்.”

பெல்சியா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். ஜன்னல் வரைக்கும் போனாள், திரும்பி வந்தாள். திரையில் கிளிகள் அசைந்தன. ஒன்றும் தெரியாமல் பார்த்துக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று அவளுக்கு அப்போது தெரிந்தது.

“மக்கா,” பர்னபாஸ் தாழ்ந்த குரலில் சொன்னார். “நீலச் சட்ட போட்ட ஒருத்தன் எதுக்க வாறான். கண்ணாடியக் கழட்டித் தொடைக்கான். மறுபடி மாட்டுதான். வானத்தப் பாக்கான்... இன்னொருக்கக் கழட்டித் தொடைக்கான்.”

“அவ எங்க?”

“எனக்கு அந்தாண்ட பக்கம். தலயில முக்காடு போட்டுக் குடுத்துட்டேன். பேசாத.”

காலடிச் சத்தம். ஒரு மோட்டார் சைக்கிள் போனது. யாரோ மீன் விலை கேட்டார்கள். அவள் எண்ணிக்கொண்டே இருந்தாள், எதை என்று தெரியாமல்.

“தாண்டிட்டோம்,” என்றார் பர்னபாஸ்.

அன்றிரவு நாச்சியார் பர்னபாஸின் வீட்டில் தங்கினாள். ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் இருவரோடு பெல்சியாவும் காவல் நிலையத்துக்குப் போனாள். புகாரை எழுதிக்கொண்டவர் இரண்டு தடவை கேட்டார்: “வெளையாட்டுக்குள்ளயா தொரத்துனான்?” தில்லைநம்பியின் கடிதங்களையும் அந்த முப்பத்தெட்டு வரிகளையும் பெல்சியா அச்செடுத்துக் கொடுத்தாள். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, “இதுல ஒரு கெட்ட வார்த்தகூட இல்லையேம்மா,” என்றார். ஆனாலும் வாங்கி வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை புதிய பேருந்து நிலையத்தில் பெல்சியா அவளை வழியனுப்பப் போனாள். எந்த ஊர் என்று கேட்கவில்லை. நாச்சியார் பையை இடது கையால்தான் தூக்கினாள். வலது கையில் மூன்று விரல்கள் முழுதாக மடங்கவில்லை.

“ரெண்டு வருசமா இந்த ஊர்ல இருந்தேன்க்கா,” என்றாள். “வேலக்கிப் போறதும் வாறதும் ஒரே தெருதான். ஆனா அந்தத் தெரு முழுக்க எனக்கு ஆளு தெரியும். ஆமை, சுறான்னு. இனி முதல்லேர்ந்து.”

“நான் வேணும்னு பண்ணல நாச்சியார்.”

“தெரியும்க்கா. நீங்க சுத்தம் பண்ணது தப்புன்னு சொல்ல மாட்டேன்.” பேருந்து வந்து நின்றது. படியில் காலை வைத்துவிட்டுத் திரும்பினாள். “உள்ள யாராவது இருக்கியளான்னு ஒரு குரல் குடுத்துட்டுப் பண்ணியிருக்கலாம்.”

அவ்வளவுதான். திட்டியிருந்தால் பெல்சியாவுக்கு லேசாக இருந்திருக்கும்.

அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டின்போது, பசி வராமல் விளையாட்டின் அஞ்சலைத் திறந்தாள். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வந்த ஒன்று படிக்கப்படாமல் கிடந்தது.

‘வணக்கம் சகோதரி. புதிய பதிப்புக்கு வாழ்த்துகள். ஒரு சிறு பிழை மட்டும் கண்டேன். எல்லோரும் ஒரே பெயரில், ஒரே உருவத்தில் தெரிகிறார்கள். இடமும் தொண்ணூறு நிமிடம் பின்தங்கிக் காட்டுகிறது. திருத்தம் எழுதி இணைத்துள்ளேன். சோதனைகள் அனைத்தும் தேறுகின்றன. உங்கள் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறேன்.’

திருத்தத்தை அவள் வரி வரியாகப் படித்தாள். ஒரு குறையும் சொல்ல முடியாது. அழகாகத்தான் எழுதியிருந்தான்.  அதைப் போலீசாருக்கு அனுப்பினாள், அவன் கணக்கை முடக்கினாள். இன்னொரு பெயரில் வருவான். அதுவும் அவளுக்குத் தெரியும்.

மாலையில் மீதி அறுபது பேருக்கும் எழுதினாள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக. நடந்ததைச் சொன்னாள், நாச்சியாரின் பெயரைச் சொல்லாமல். உங்கள் வரிகளைக் கேட்காமல் அழித்துவிட்டேன். எது வேண்டுமோ சொல்லுங்கள், காரணம் சொல்ல வேண்டாம், திருப்பித் தருகிறேன் என்றாள். மழை வேண்டாதவர் எழுதினார். அக்காளின் குரலைக் குறைத்தவள் எழுதினாள். பர்னபாஸ் மாமா சொறிமீனைப் பற்றி வெட்கத்தோடு ஒரு வரி எழுதினார். தன் பழைய பெயரையும் உருவத்தையும் திருப்பிக் கேட்டு ஒருவர்கூட எழுதவில்லை.

வியாழக்கிழமை மாலை அவள் வேலை முடிந்து வந்து சர்வரைப் பார்த்தாள். ஊருக்குள் இருபத்தேழு கிளிகள். அதற்குக் கீழே, அவள் பெரும்பாலும் கவனிக்காத ஒரு வரி: ‘ஊர் எல்லைக்கு வெளியே: 1’. எல்லைக்கு வெளியே இருப்பவர்கள் முத்து எடுக்க முடியாது. பேச்சைக் கேட்கலாம், பேசலாம். அவ்வளவுதான்.

நாச்சியாராக இருக்கலாம். அந்த ஒன்றின் மேல் தொட்டால் போதும். எந்த ஊர், எந்தத் தெரு, எல்லாம் விரியும். நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாளா என்று மட்டும் பார்த்துக்கொள்ளலாம். நல்ல எண்ணத்தில்தானே?

கை நீண்டது. நடுவில் நின்றது.

திரும்பி அந்த ஒரே ஃபைலைத் திறந்தாள். தேட வேண்டியிருக்கவில்லை. ‘எல்லைக்கு வெளியே இருப்பிடத்தைப் பதிவு செய்: ஆம்’ என்ற வரி பத்தொன்பதாவதாக இருந்தது. ‘ஆம்’ என்பதை அழித்து ‘இல்லை’ என்று எழுதினாள். ஏற்கெனவே பதிவானதையும் அழித்தாள். சேமித்தாள்.

எண் அப்படியே இருந்தது: 1. தொட்டுப் பார்த்தாள். ஒன்றும் விரியவில்லை.